பார்க்காமல் எடுக்க வேண்டிய ஈக்கள்

ஜனவரி 8

சிட்டு, இன்று திரும்பவும் ஆராய்ச்சிக்கூடத்து வேலைக்குப் போனேன். அதே முப்பது புட்டி, அதே புளித்த மாவு வாடை, அதே பழ ஈக்கள். மகளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவளிடம் பேராசிரியர் சொன்னது இவ்வளவுதான்: "வந்துட்டீங்களா, நல்லது. புட்டி மாத்தற நாள் நெருங்குது." படிக்கப் படிக்க நாக்கு சுருங்கிவிடும் போல.

ஜனவரி 9

இந்த வேலையைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. பதினான்கு நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு புட்டியிலும் வாயு விட்டு ஈக்களை மயக்கி, ஓர் ஆண், ஒரு பெண் மட்டும் எடுத்துப் புதுப் புட்டியில் விட வேண்டும். மற்றதெல்லாம் சோப்புத் தண்ணீருக்கு. நல்லது, நொள்ளை என்று பார்க்கக் கூடாது. தூரிகையில் முதலில் எது ஒட்டுகிறதோ அது.

வெளியே என்றால் கேடான மாற்றம் வந்த ஈ பிழைக்காது, அதோடு அந்த மாற்றமும் போய்விடுமாம். இங்கே யாரும் பொறுக்கி எடுக்காததால் எல்லாம் தங்கும். ஈயின் மரபணுவில் தலைமுறைக்கு எத்தனை எழுத்து தானாக மாறுகிறது என்று பிறகு எண்ணுவார்களாம். எழுத்து! உன் ரத்தத்திலும் ஒரே ஓர் எழுத்துதான் தப்பு என்று டாக்டர் சொன்னார். அதே தப்பு என்னிடமிருந்து ஒன்று, உன் அப்பாவிடமிருந்து ஒன்று. எட்டாவது தாண்டாதவளுக்குப் படம் வேறு போட்டுக் காட்டினார், பெரிய மனசு.

ஜனவரி 22

ஆறாம் புட்டியில் இறக்கை சுருண்டது இரண்டு. மயக்கம் தெளிஞ்சு ஏறுது, விழுது, திரும்ப ஏறுது. ஆமாம், பார்த்துதான் எடுத்தேன். நன்றாகப் பறக்கிறதுகள் ஒரு நாளாவது சோப்புத் தண்ணீரில் கிடக்கட்டும்.

பிப்ரவரி 5

இன்று மூன்று புட்டியில்.

ஜூலை 9

பன்னிரண்டு புட்டியில் ஒழுங்காகப் பறக்கிறது ஒன்றுகூட இல்லை. ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. புட்டி கழுவுகிறவளுக்குக் கண் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

செப்டம்பர் 30

எழுத்துகளைப் படித்த கணக்கு வந்துவிட்டது. பேராசிரியர் எல்லாரையும் கூட்டி வைத்து, "இவ்வளவு கேடான மாற்றம் நிலைச்சு நிக்குதுன்னா அதுல ஏதோ மறைவான பலன் இருக்கு. இயற்கை தேர்ந்தெடுத்திருக்கு" என்றார். கை தட்டினார்கள். இயற்கையாம்! அந்த இயற்கைதான் ஓரமாக நின்று அவர் குடித்த கப்பைக் கழுவிக்கொண்டிருந்தது.

நவம்பர் 12

வேறோர் ஊரில் முன்னமே இதே சோதனையைச் செய்திருக்கிறார்களாம், அங்கே அப்படி வரவில்லை. எதையோ மாற்றிவிட்டாள் என்று பழி முழுவதும் இந்த ஈக்களை வைத்துப் பட்டம் வாங்க வேண்டிய ஆராய்ச்சிப் பெண் தலையில். மூன்று வருஷ உழைப்பு. குளிர் அறைக்குள் நின்று, "அக்கா, நான் எதையும் மாத்தலக்கா" என்று அழுதாள். அழட்டும் என்றுதான் நினைத்தேன். உனக்காக இவர்களில் யார் அழுதார்கள்? ஆனாலும் அவள் செய்யவில்லையே.

நவம்பர் 13

சொல்லிவிட்டேன்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்றார் பேராசிரியர். சும்மாதான் என்றேன். உன் பெயரை அவர் காதில் போடுவேனா?

ஆராய்ச்சிப் பெண்தான் தாளும் பேனாவும் கொண்டு வந்தாள். எந்தெந்தப் புட்டி என்று சொன்னால் மற்ற பதினெட்டை வைத்து அவள் வேலை தப்பிக்குமாம். ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தேன்.

நவம்பர் 14

என் வேலை போய்விட்டது. கிளம்பும் முன் அந்தப் பன்னிரண்டையும் கொட்டச் சொன்னார்கள். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். பாதி ஈ, தின்ன வைத்த மாவிலேயே சிக்கி, எழ முடியாமல் கால் உதைத்துக்கொண்டிருந்தன. ஏதோ இரண்டு பிழைக்கட்டும் என்று ஆரம்பித்தேன். பிறக்கிறது அத்தனையையும் நொண்டியாக்கி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்காமல். பேராசிரியரை இளக்காரம் பேச எனக்கு என்ன யோக்கியதை?

கொட்டிவிட்டு வந்தேன்.

சிட்டு, இப்படித்தான் இருக்கப் போகிறாய் என்று முன்னாலேயே கேட்டிருந்தால், வருகிறேன் அம்மா என்றிருப்பாயா?