வால் முளைத்த கார்

மார்ச் 3

இன்றைக்கும் அதே கதை. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் கண்ணாடியைத் தட்டி, "மேடம், பின்னாடி ஏதோ தொங்குது" என்றார். தொங்கவில்லை ஐயா, பொருத்தியிருக்கிறேன். திருகாணி போட்டு, விளிம்பு தேய்த்து, பெயின்ட் அடித்துப் பொருத்தியிருக்கிறேன். இதைச் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஓர் அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிடலாமா என்று தோன்றுகிறது. ஆம், இது கார்தான். ஆம், அது வால்தான். காற்று பின்னால் சுழன்று வண்டியை இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்காக வைத்தது. இல்லை, பறக்காது.

மார்ச் 5

கொழுந்தன் வந்திருந்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். "அண்ணி, தண்ணியில விட்டா நீந்துமா?"

போன தடவை வந்தபோது 'தலைப்பிரட்டை' என்று பெயர் வைத்துவிட்டுப் போனவன் இவன்தான். இப்போது தெருப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் கூப்பிடுகின்றன. பெயர் பொருந்தாமல் இருந்தாலாவது பரவாயில்லை. முன்னால் உருண்டை, போகப் போக மெலிந்து வால். கச்சிதமாகப் பொருந்தித் தொலைக்கிறது.

"கால் முளைச்சதும் சொல்லி அனுப்புங்க அண்ணி, தவளையைப் பாக்க வர்றேன்."

"உன் வண்டி குடிக்கிற குடிக்கு முதல்ல அதோட ஈரலைப் பாத்துக்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அடங்கினான். கொழுந்தன் கேலிக்கெல்லாம் நான் அசருகிறவள் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னால் இருந்து லேசாகச் சிரித்தார். அவன் சொன்னதற்கா, நான் சொன்னதற்கா? கேட்கவில்லை.

மார்ச் 9

கஞ்சப் பிசினாரி என்று தெருவே முடிவு செய்துவிட்டது. எதிர்வீட்டு மாடிக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏம்மா, பெட்ரோலுக்குக் கஷ்டம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்கிறார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

காசுக்காக இல்லை என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். பட்டறையில் நாள் முழுக்க நான் செய்வது செயற்கைக் கால். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி, ஆறியதும் வெட்டித் தேய்க்க வேண்டும். போட்டுக்கொண்டு நடக்கிறவருக்குக் கனக்கக் கூடாது. என் தொழிலே அதுதான். அந்தக் கண்ணோடு ஒரு நாள் வாசலில் நின்ற காரைப் பார்த்தேன். இதற்கு எதற்கு இவ்வளவு கனம், எதற்கு இந்த மொட்டை முதுகு என்று தோன்றிவிட்டது. தோன்றிய பிறகு சும்மா இருக்க முடியுமா?

பின்சீட்டைக் கழற்றினேன். பின்சக்கரங்களைத் தகடு போட்டு மூடினேன். ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும்கூட இறக்கி வைத்துவிட்டேன், தண்டச் சுமை. கடைசியில் வால். இப்போது அதே பெட்ரோலில் முன்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தூரம் போகிறது. பின்சீட்டு இல்லாததால் சொந்தக்காரர்கள் யாரும் 'அப்படியே இறக்கி விட்டுடேன்' என்று கேட்பதும் இல்லை. அது எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

மார்ச் 12

இன்று ஒருவன் வண்டியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். அனுமதி கேட்டது என்னிடம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரிடம். ஸ்டியரிங் என் கையில்தானே இருந்தது?

மார்ச் 16

பட்டறையில் ஒருவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். லாரி ஓட்டியவர், முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கூட வந்த மனைவி ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "அந்த வண்டி நீங்க பண்ணினதா?" என்று கேட்டார். அடடா, ஒருவராவது சரியாகக் கேட்டாரே என்று முகம் மலர்ந்து, "ஆமாங்க" என்றேன்.

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவரு கால் சாதாரணமா இருந்தா போதும்மா" என்றார்.

லாரிக்காரர் சிரித்த சிரிப்பில் அளவு நாடாவே நழுவிவிட்டது. என்னால்தான் சிரிக்க முடியவில்லை. வண்டியைச் சொல்லட்டும், மூக்கைச் சொல்லட்டும், என்னைச் சொல்லட்டும். கை வேலையைச் சந்தேகப்பட்டால் சுருக்கென்கிறது. சாதாரணக் கால்தான் செய்து கொடுப்பேன் தாயே. வால் வைக்கமாட்டேன்.

மார்ச் 20

காலையில் வீட்டுக்காரரை அலுவலகத்தில் விட்டுவிட்டுத்தான் நான் பட்டறைக்குப் போவேன். கொஞ்ச நாளாக வாசல் வரை வருவதில்லை. மருந்துக்கடை முனையிலேயே, "இங்கயே இறங்கிக்கறேன், கொஞ்சம் நடந்தா உடம்புக்கு நல்லது" என்கிறார்.

முதல் மாடிக்கு லிஃப்டுக்காகக் காத்து நிற்கிற மனிதர் இவர். நடையாம், உடம்பாம்.

என் வண்டியிலிருந்து இறங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. அதுதானே? எழுதவே கை கூசுகிறது. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இவருமா?

மார்ச் 27

பங்க்சர். அதுவும் பின் சக்கரம். அதுவும் அவர் அலுவலகத்துக்குப் போகிற பெரிய ரோட்டில், காலை நெரிசலில்.

பழக்கதோஷத்தில் டிக்கியைத் திறந்தேன். வாலும் சேர்ந்து மேலே எழும்பியது, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஸ்டெப்னி இருந்த பள்ளம் மட்டும் இருந்தது.

"ஸ்டெப்னி எங்க?" என்றார்.

"வீட்டுல. மாடிப்படிக்குக் கீழ."

"ஜாக்கி?"

"அதுக்குத் துணையா."

வாட்ச்சைப் பார்த்தார். திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். நான் ரோட்டிலேயே உட்கார்ந்து சக்கரத்தை மூடியிருந்த தகட்டின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். பெருமையாக நிறையத் திருகாணி போட்டு வைத்திருக்கிறேன். தன் வினை தன்னைச் சுடும், வேறென்ன.

அப்போதுதான் அவருடைய அலுவலக வேன் வந்து நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். அதில் பெரிய மீசை வைத்த ஒருவர், இவர் பிரிவுதான் போலிருக்கிறது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்ன விஞ்ஞானி, ராக்கெட் தரையிறங்கிடுச்சா?" என்றார்.

விஞ்ஞானியா? யாரை?

இவரைத்தான். எல்லாரும் இவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். "வீட்டுல மிக்சிக்கும் வால் வச்சுட்டீங்களா?" என்றார் இன்னொருவர். மீசைக்காரர் என் பக்கம் குனிந்து, குரலில் இரக்கத்தைக் குழைத்து, "பாவம் மேடம் நீங்க. இவரு கண்டுபிடிப்புக்கு நீங்க ரோட்டுல உக்காந்து திருகாணி கழட்ட வேண்டியிருக்கு" என்றார்.

கையெல்லாம் கிரீஸ். நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்வார் என்று பார்த்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு, "உங்ககிட்ட ஜாக்கி இருக்கா?" என்றார்.

இருந்தது. சக்கரத்தைக் கழற்றினார்கள். பங்க்சர் கடைக்கு எடுத்துப் போகிறோம் என்று வேனில் ஏற்றினார்கள். என் காரின் சக்கரத்தோடு விஞ்ஞானியும் ஏறிப் போனார். நான் நடைபாதையில் உட்கார்ந்து மூன்று கால் வண்டியைக் காவல் காத்தேன். போகிற வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள், இப்படி ஒரு புருஷனா என்று.

மார்ச் 28

கேட்டுவிட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க" என்றார்.

"இல்லேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா உன்னைப் பாத்து சிரிப்பாங்க. என்னைப் பாத்து சிரிச்சுட்டுப் போகட்டும்னு விட்டேன். முனையில இறங்கறதும் அதுக்குத்தான். உன் முன்னாடியே எதையாவது சொல்லிட்டா நீ தாங்கமாட்ட."

ஒரு நிமிஷம் மனசு இளகியது. அந்த ஒரு நிமிஷம்தான். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம் — நான் ராத்தூக்கம் கெட்டுப் பண்ணினது. என் கை. என் யோசனை. பாராட்டத்தான் ஒருத்தரும் இல்லை, கிடைக்கிறது திட்டு மட்டும்தான், அதையும் இவரு வாங்கி வச்சுக்கிட்டா எனக்கு என்னதான் மிச்சம்?

"சிரிக்கட்டும்! நான் பண்ணினதுன்னு தெரிஞ்சு சிரிக்கட்டும்!" என்று கத்தினேன்.

"கேலியை யாராவது கேட்டு வாங்குவாங்களா?" என்றார். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்ன பிரயோஜனம்?

கடைசியில் கேட்கக் கூடாததையும் கேட்டேன். "பொண்டாட்டி பண்ணினதுன்னு சொல்ல உங்களுக்கு வெட்கமா இருக்கா?"

இல்லை என்பார் என்றுதான் கேட்டேன். "தெரியல" என்றார்.

மார்ச் 29

பஸ்ஸில் போங்கள் என்று சொல்லிவிட்டேன். போனார்.

மார்ச் 31

ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் திரும்ப ஏற்றிவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கனம் கூடியது ஸ்டியரிங்கிலேயே தெரிகிறது. தெரிகிறதோ, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ.

வாலையும் கழற்றிப் போட்டுவிட்டால் என்ன? வீட்டில் பேச்சாவது திரும்பும். ஸ்க்ரூடிரைவரோடு பின்னால் போய் நின்றேன். அந்த வளைவு வருவதற்காகத் தகட்டை எத்தனை முறை பாழாக்கினேன். கழற்ற மனசு வரவில்லை. கழற்றினால் அவர் கேட்காமலே அவருக்கு விட்டுக்கொடுத்ததாகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எரியும்.

ஏப்ரல் 2

சாயங்காலம் வந்து சட்டையைக்கூட மாற்றாமல் எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீ பண்ணினதுன்னு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நம்பல."

ஸ்டெப்னி இல்லாமல் நடுரோட்டில் மாட்டிக்கொண்டதும் பழியைத் தூக்கிப் பொண்டாட்டி தலையில் போடுகிறாயே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா என்று மீசைக்காரர் கேட்டாராம். மற்றவர்கள் கை தட்டினார்களாம். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, புரையேறுகிற அளவுக்கு. சிரித்து முடித்ததும் மறுபடி கோபம். இவர் சொல்லாத வரைக்கும் இவர் மேல் கோபம், சொன்ன பிறகு உலகத்தின் மேல். என் வேலையை என் வேலை என்று நிரூபிக்க இன்னும் என்ன செய்ய வேண்டும், தாசில்தாரிடம் சான்றிதழா வாங்க வேண்டும்?

ஆனால் சொன்னாரே. சொன்னார்.

ஏப்ரல் 3

அவரை ஏற்றிக்கொண்டு நேராக அலுவலக வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். மீசைக்காரரும் இன்னும் சிலரும் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், உண்மையச் சொல்லுங்க. இது இவரு வேலைதானே?"

"பல்பு மாத்த ஸ்டூல் மேல ஏறினாலே இவருக்குக் கால் நடுங்கும்" என்றேன்.

"ஆமா, நடுங்கும்" என்றார் என் வீட்டுக்காரர். நான் சொல்லச் சொல்லவில்லை.

பிறகு விளக்கினேன். தகட்டை எப்படிச் சூடாக்குவது, எங்கே மடங்கும், ஏன் இந்தச் சரிவு, இன்னும் கொஞ்சம் செங்குத்தாக இருந்தால் காற்று ஏன் ஒட்டாமல் பிய்ந்துகொள்ளும், எல்லாம். எத்தனை மாதமாகச் சொல்ல வைத்திருந்தது! அளவுக்கு மீறித்தான் சொல்லிவிட்டேன் போல. ஒருவர் கொட்டாவியை மென்று விழுங்கினார். மீசைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி மேடம். ஆனாலும் பாக்க சகிக்கல" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து, நேராக என் முகத்தைப் பார்த்து. நன்றாகவே எரிந்தது. கேட்டு வாங்கினது கிடைத்துவிட்டது, எரியாமல் என்ன செய்யும்? "உள்ள உக்காந்து ஓட்டறவளுக்கு வெளிய தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. காதெல்லாம் சிவந்துபோய் மீசைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 11

பட்டறை லீவு. காரை அவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார், தனியாக, முதல் தடவை. சாயங்காலம் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"பெட்ரோல் போட நிறுத்தினா அங்க ஒருத்தன் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறான்! வாலைப் பிடிச்சு ஆட்டிப் பாக்கறான்! கையை எடுடா, என் பொண்டாட்டி பண்ணினதுன்னேன். உங்க வீட்டம்மாவுக்கு வேற வேலையே இல்லையான்னு கேக்கறான்! என்ன கொழுப்பு இருக்கணும்?"

சாப்பாடு போட்டேன். நிறுத்தவில்லை. ஜனங்களுக்கு எதைப் பார்த்தாலும் இளிப்பு, புதுசாக ஒன்று செய்தால் பொறுக்காது, தங்களுக்கும் தெரியாது, தெரிந்தவளையும் விடமாட்டார்கள். அந்த ஆளுக்கு வாலைப் பற்றிப் பாடமும் நடத்தியிருக்கிறார். பின்னால் வந்து முட்டுகிற காற்றை அது தடுக்கும் என்றாராம். சுத்தத் தப்பு. திருத்தலாம் என்று வாயெடுத்தேன். "நீ இரு, இன்னும் முடியல" என்றார்.

தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். நான் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன், இரண்டாம் தடவை போட்டுக்கொண்டேன். கோபப்படுவதற்கு எனக்கு அவர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.