பிப் எண் 4417

3 செப்டம்பர் 2025
மகர்பட்டா அலுவலகம். மழை. எங்கள் ஓட்டக் குழுவின் ஜெயந்த்திடமிருந்து செய்தி: "அரை மாரத்தானை எப்படி நடத்தணும்னு ஓடுறவங்க பக்கத்துலேருந்து ஒரு பக்கம் எழுதித் தா, கோதை. டிசம்பருக்கு வேணும்."
என்னிடமா கேட்கிறான்?

5 செப்டம்பர்
எழுதிப் பார்த்தேன். சொன்ன நேரத்துக்குத் தொடங்க வேண்டும். கடைசியாக வருபவருக்கும் மேசையில் தண்ணீர் மிஞ்ச வேண்டும். தூரப் பலகை பொய் சொல்லக் கூடாது.
போன டிசம்பரில் இதெல்லாம் இருந்தது. என் தோழி ரியா ஓடும்போது விழுந்த ஆறாவது நிமிடம் ஆம்புலன்ஸ் வந்தது.
பொய் சொன்னது பலகை இல்லை.

9 செப்டம்பர்
முடிவுகள் இன்னும் இணையத்தில் இருக்கின்றன. 4417, கோதை. ஐந்து, பத்து, பதினைந்து கிலோமீட்டர் நேரங்கள். பிறகு வெறும் கோடு.
அன்று எனக்குக் காய்ச்சல். "வீணாத்தானே போகுது, உன் பிப்பைக் குடுடி. ஒரு நாள் கோதையா ஓடிட்டு வரேன்" என்றாள் ரியா. என் எண் அச்சடித்த அந்தத் தாளைத் தன் சட்டையில் குத்திக்கொண்டாள். எல்லோரும் செய்வதுதான்.
ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் உயிர் இருந்தது. நர்ஸ்கள் கன்னத்தைத் தட்டி, கோதை, கோதை என்று கூப்பிட்டார்களாம்.
அவள் எப்படிக் கண் திறப்பாள்?

22 செப்டம்பர்
யாராவது கோதை என்றால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறேன்.

12 அக்டோபர்
வானவடியில் ரியாவின் வீடு. அவள் அப்பா தேவநேசன் அங்கிள். இந்த வருட ஓட்டத்துக்கு அனுமதி தரக் கூடாதென்று போலீசுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார்.
"அத்தனை பேரு இருந்தாங்க. ஒருத்தனுக்காவது வீட்டுக்கு ஒரு போன் பண்ணத் தோணலியே. ஸ்கூட்டர்ல பத்து நிமிஷம்மா. உயிரோட பாத்திருப்பேன்."
பிப் மாற்றியது அவருக்குத் தெரியும். இது தெரியாது — போன் செய்தார்கள். இரண்டு தடவை. அவசரத்துக்கு என்று பிப்பின் பின்னால் நான் எழுதியிருந்த என் அம்மாவின் எண்ணுக்கு. உங்கள் மகள் ஆஸ்பத்திரியில் என்று இந்தியில் ஒரு குரல். அம்மா கட்டிலில் தூங்கும் என்னைப் பார்த்தாள். கட் செய்தாள். இப்படி வந்தால் மோசடி, பேசாதே என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தது நான். நான் விழித்துத் திரும்ப அழைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.
டீ குடித்தேன். சொல்லவில்லை.

13 அக்டோபர்
அம்மா: "சொல்லிடாதடி. அப்புறம் அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்."
சாப்பிட்டு முடித்த பிறகு: "இல்ல. சொல்லிடு."

19 அக்டோபர்
சொன்னேன்.
"ரெண்டு தடவையா?"
"ரெண்டு தடவை, அங்கிள்."
மனுவைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்து மேசைக்குள் போட்டார்.
"இனி இங்க வராதம்மா." கதவு வரை வந்தார். "ஒண்ணு மட்டும் செய். பதினஞ்சு வரைக்கும் ஓடுனது எம்பிள்ளை. அவ பேரைப் போடச் சொல்லு."

2 நவம்பர்
ஜெயந்த்துக்கு அனுப்பிய பக்கத்தில் இரண்டே வரி. பிப் கொடுக்கும்போது அடையாள அட்டையோடு முகத்தைப் பாருங்கள். பின்னால் எழுதிய எண்ணை அங்கேயே அழைத்துப் பாருங்கள்.
"இத்தனை பேருக்குமா? யாரு உக்காருவா?"
"நான்."

16 நவம்பர்
அம்மா இப்போது எந்த அழைப்பையும் கட் செய்வதில்லை. கடன் அட்டை விற்பவனிடமும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறாள்.

13 டிசம்பர், சனி
நாளை ஓட்டம். காலையில் போன வருட முடிவுகளில் தேடினேன். 4417, ரியா தேவநேசன். அதே நேரங்கள். அதே கோடு.
பிப் கொடுக்கும் மேசையில் மாலைவரை உட்கார்ந்தேன். ஒரு பெண், தன் தோழியின் ரசீதோடு வந்தாள். தோழிக்குக் காய்ச்சலாம். முடியாது என்றேன். ஒரு நாள்தானே என்று கெஞ்சினாள். பிறகு மராத்தியில் திட்டினாள். கோபமாக வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.
வீட்டுக்குத்தான் போகிறாள்.