வலது கண்ணிலிருந்து கொஞ்சம்

என் வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று முழுசாக எழுத முடியவில்லை, முக்கால் நலம் என்று வைத்துக்கொள், நீயாவது அங்கே முழு நலமாக இரு. உன் கடிதம் வந்து பத்து நாளாகியும் பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, அப்பாவுக்கு என் கண்ணிலேருந்து எடுத்துக்கட்டும்னு எழுதியிருந்தாயே அந்த ஒரு வரிதான். இவளுக்கு இருக்கிறதே சோடாபுட்டிக் கண்ணு, அதையும் என் தலையில கட்டப் பாக்குறா பாருன்னு அப்பா சிரித்தார், அப்புறம் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

உன் கண் வேண்டாமடி. கருவிழி ஓரத்தில் ஸ்டெம் செல் என்று இருக்கிறதாம், கண்ணின் மேல்தோலைப் புதுசு புதுசாக உண்டாக்குவது அதுதானாம். அப்பாவின் இடது கண்ணில் அது வெந்துபோனதால்தான் பால் படிந்த மாதிரி மறைக்கிறது. வலது கண் ஓரத்திலிருந்து அரிசியில் பாதியளவு எடுத்து, லேபில் இரண்டு வாரம் வளர்த்து, இடது கண்ணில் வைப்பார்களாம். அடுத்தவர் செல்லை உடம்பு ஏற்காமல் போகலாம், சொந்தச் செல்லுக்கு அந்தத் தகராறு இல்லை என்றார் டாக்டரம்மா. கட்டாயம் பலிக்குமா, நல்ல கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே என்று துருவித் துருவிக் கேட்டேன். பெரும்பாலும் ஆகாது, ஆனா கையடிச்சு சத்தியம் பண்ண மாட்டேம்மான்னார். சம்மதப் படிவத்தில் அப்பா அன்றே கையெழுத்துப் போட்டாயிற்று, கூட இருப்பவர் என்று நான் போட வேண்டிய இடம்தான் காலி. ஒரு வாரமாக அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஏன் என்று உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். கடையில் பேட்டரி ஆசிட் தெறித்தது என்று சொன்னது பொய். அன்று சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது, அடைப்பு நீக்கும் பவுடரைக் கொட்டி, சீக்கிரம் கரையட்டுமே என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றியவள் நான். என்னடி புகையுதுன்னு குனிந்தார், பொங்கித் தெறித்துவிட்டது. வெந்நீர் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது, டிகிரி வாங்கினவள் படிக்கவில்லை. குழாயில் கண்ணைக் கழுவாமல் ஐஸ் கட்டியை வேறு வைத்து ஒத்திக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வலியோடு வலியாக, பிள்ளைகிட்ட பேட்டரின்னே சொல்லிடு, உன்னைத் தப்பா நினைச்சுடப் போறா என்றார் உன் அப்பா. உன் வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனவள் நான், அப்போதுகூடப் பேனாவை இப்படி எடுத்து எடுத்துக் கீழே வைத்ததில்லை. ஒரு கண்ணைக் கெடுத்த கையால் இன்னொன்றுக்கும் கையெழுத்தா என்று நேற்று அழுதபோது, போடு, போடலைன்னா மட்டும் உன் சமையலறைப் பக்கம் தலைவச்சுப் படுக்கப் போறேனாக்கும்னார். போட்டுவிட்டேன். வியாழக்கிழமை எடுக்கிறார்கள்.

நீ அங்கே காலேஜ் லேபில் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் நிற்காதே, டப்பாவில் எழுதியிருப்பதை இரண்டு தரம் படி, அதில் மட்டும் அம்மா மாதிரி இருக்காதே. நூறு வயசு தெளிந்த கண்ணோடு இரு. எல்லாம் ஆறியதும் வீடியோவில் கூப்பிடுவோம், அப்பா வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உன் சட்டை என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். நிறத்தை அவரிடம் முன்னாடியே உளறிவிடாதே. எனக்காகப் பொய் சொல்லிப் பழகின மனுஷன், தெரியாவிட்டாலும் தெரிகிறது என்றுவிடுவார்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா