காற்று வந்த பக்கம்

உம்மாவுக்கு என் ஸலாம். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

லீவுக்கு ஓசூரிலிருந்து கம்பெனித் தோழிகளோடு நாட்றாம்பாளையம் போய், மலையோரத்தில் வாடகை வீடு எடுத்துத் தங்கினோம். சாயங்காலம் நடக்கப்போய் வழி தவறிவிட்டது. நம் கீழக்கரையில் காற்று வரும் பக்கம் நடந்தால் கடற்கரை வந்துவிடும் அல்லவா? அதே நினைப்பில் எல்லோரையும் கூட்டிப்போய்க் கேழ்வரகு வயலில் நிறுத்தினேன். அங்கே களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தார்.

"காத்துக்கிட்டயா வழி கேப்பாங்க? எங்களக் கேளும்மா!"

மறுநாள் கேட்டுக் கேட்டுத் தனியாகவே ஓடைவரை போய்த் திரும்பினேன். அதனால், "தனியா உனக்கு ஒண்ணும் தெரியாது, வேலையை விட்டுட்டு வந்துரு" என்று வாப்பா இனிச் சொல்ல வேண்டாம், வரமாட்டேன்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. அங்கே விட்டுவந்த என் பச்சைத் துப்பட்டாவைத் துவைத்து, நம் மாடியில் கடல்காற்று படக் காயப்போட்டு அனுப்புங்கள். இங்கே காற்றில் உப்பே இல்லை.

உங்கள் சுஹைனா