திராட்சைப் பந்தலுக்குள் போன கோடு

மதினி,

இன்று காலை ஊருணியில் குடத்தை அமுக்கினேன். புதுத் தண்ணீரின் சேற்று வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான். நீங்கள் போய்ச் சேர்ந்தபின் பெய்த முதல் மழை இது.

வாய்க்கால் வெட்டிய அந்த வருஷம் மாசியிலேயே ஊருணி வறண்டது. குடத்தோடு ஆறு வரைக்கும் நடந்தோம். நான் மாசமாக இருந்தேன். யூனியன் ஆபீஸ் சார் வந்து, ஊருணிக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தருகிறோம், எங்கே வெட்டலாம் என்று ஊரே கூடி வரைந்து காட்டுங்கள் என்றார். ஆம்பளைகள் குச்சியால் மண்ணில் கீறினார்கள். ஆளுக்கொரு பக்கம் மிதித்ததில் எல்லாம் அழிந்தது. நீங்கள் கோலப்பொடியோடு வந்து நடுவில் உட்கார்ந்தீர்கள்.

"கூட்டம் போடச் சொன்னா இவ கோலம் போடுறா!" அண்ணன் சிரித்தது.

"கோலத்த யாரும் மிதிக்க மாட்டாகல்ல."

மிதிக்கவில்லைதான். சுற்றி நின்றே பேசினார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள்.

"யாரு வரல? ஆடு மேய்க்கிற காளியம்மாளக் கூப்பிடலையா? மழையில காட்டுல நிக்கிறது அவதேன்."

காளியம்மாள் வந்தாள். மலையடியிலிருந்து கோடு இழுத்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"சொன்னா கோவிச்சுக்கிருவீகளோ?"

"சும்மா சொல்லு ஆத்தா," என்றீர்கள்.

"தண்ணி ஒங்க திராட்சைத் தோட்டத்து வழியாத்தேன் வரும். பந்தல் நிக்கிற எடம் பூராம் பழைய ஓடை."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "காய்ப்புக்கு வந்த கொடி! அழி அந்தக் கோட்ட!"

உங்கள் நகையை விற்றுப் போட்ட பந்தல் அது. காளியம்மாள் அழிக்கக் குனிந்தாள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு சாரைக் கேட்டீர்கள்: "ரெண்டு வரிசைக் கொடிய எடுத்தா வாய்க்கா போகுமா சார்?"

போகும் என்றார்.

அண்ணன் உங்களோடு பேசாமலே அந்தத் திராட்சை அறுப்பை முடித்தது. ஐப்பசி மழையில் புது வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து ஊருணி நிறைந்தது. பார்க்க வந்த அண்ணன்தான் முதலில் இறங்கிக் கால் நனைத்தது. என் மகளைக் குளிப்பாட்டிய தண்ணீர் அது, மதினி. இன்று அவள் அதிலேதான் எனக்குச் சோறு வடிக்கிறாள்.

போன வாரம் ரேஷன் கடையை எங்கே வைப்பது என்று கூட்டம். பேச்சு தொடங்குமுன் யார் வரவில்லை என்று சுற்றிப் பார்த்தேன். நடக்க முடியாத செல்லம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்தாள்.

அப்புறமும் ஒரு ஆள் குறைந்த மாதிரியே இருந்தது.