உள்ளே இருவர்

நாள் 112. காலை 7:40
எழுதுபவன் சூசைராஜ், செவ்வாய்த் தரை நிலையத்தின் பொறுப்பாளன். இங்கே இரண்டே பேர்: நானும் மின்பொறியாளர் பொற்கொடியும். எனக்குத் தூத்துக்குடி, அவளுக்குக் கோவில்பட்டி.

பூமியிலிருந்து கோப்பு மேலாளர் மென்பொருளின் புதிய பதிப்பு வந்து இறங்கியிருக்கிறது. காற்று, தண்ணீர், கதவு, நாங்கள், எல்லாமே திரையில் கோப்புறைகள்தான். ஆளின் படத்தை ‘உள்ளே’யிலிருந்து ‘வெளியே’க்கு இழுத்துப் போட்டால் கதவு திறக்கும். ‘வெளியே’யில் எத்தனை படமோ, அத்தனை பேரைத்தான் திரும்ப உள்ளே விடும். இனி இழுக்கவும் வேண்டாமாம்; நம் பேச்சைக் கேட்டு அதுவே நகர்த்திவிடும். தமிழும் தெரியுமாம். எடுத்ததற்கெல்லாம் ‘உறுதியா?’ என்று கேட்டு உயிரை வாங்கியது. ‘இனிக் கேட்காதே’ கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். நிம்மதி.

9:05
பொற்கொடி சூரியத் தகடுகளில் தூசி தட்டக் கிளம்பிவிட்டாள். உடையில் ஆறு மணி நேரக் காற்று. கதவைத் தாண்டியதும் வானொலியில், “வாரேன் அண்ணாச்சி!” என்றாள். “சரி, வா” என்றேன்.

13:20
“அண்ணாச்சி, கதவு தொறக்க மாட்டேங்கு. உள்ள ஏதும் பூட்டிருக்கியளா?”

திரையைப் பார்த்தேன். ‘வெளியே’ காலி. காலை 9:04 முதல் அவள் படம் ‘உள்ளே’ இருக்கிறது. கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னால் எங்கள் வீடுகளில் வாயிலேயே போடுவார்கள். ‘வாரேன்’ என்றுதான் சொல்வோம். இந்தச் சனியனுக்கு அகராதி மட்டும்தான் தெரியும். வாரேன் என்றாள், வா என்றேன், வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

13:41
படத்தைக் கையால் இழுத்தேன். ‘வெளியே செல்பவர் உள்கதவில் கை வைக்கவும்’ என்கிறது. வைக்க வேண்டிய கை வெளியே இருக்கிறது! முந்தைய செயலை மீட்கப் பார்த்தேன். கடைசி இருபது செயல்களைத்தான் வைத்திருக்குமாம். காலையிலிருந்து காற்றளவுக் கோப்புகளை அழகாக அடுக்கி அடுக்கி, அந்த இருபதையும் அதுவே தின்றுவிட்டது. பூமிக்குச் செய்தி அனுப்பினேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.

14:30
பூமி: “புகார் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.”

பொற்கொடி: “அரை மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு. பயமா இருக்கு அண்ணாச்சி.”

எனக்கும்தான். ஒரே வழி. கை வைத்துவிட்டு உள்ளேயே நின்றால் கணக்கில் ஏறாது; நான் நிஜமாகவே வெளியே போனால் கணக்கில் ஒருவர். கதவு ஒருவருக்குத் திறக்கும். அவள் உள்ளே வரட்டும். நிலையத்தைக் காலியாக விட அது சம்மதிக்காது. ஆனால் அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்று நம்புகிறதே! உடையை மாட்டுகிறேன்.

நாள் 113. காலை 10:50
பொற்கொடி எழுதுகிறேன். அண்ணாச்சி வந்ததால் பிழைத்தேன். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, காற்று நிரப்பிய உடையோடு ஒருவர் வெளியே போகிறார், மற்றவர் உள்ளே வருகிறார். அதன்பின் இது நான்காவது மாற்று. இப்போது அவர் வெளியே. யாராவது ஒருவர் எப்போதும் வெளியேதான். காற்று நிரப்பும் பம்பு இரண்டு முறை நின்றுவிட்டது.

சற்றுமுன் பூமியிலிருந்து வந்தது: “சரிபார்த்தோம். இருவரும் பத்திரமாக உள்ளே இருப்பதாகவே பதிவு காட்டுகிறது. புகார் முடித்துவைக்கப்பட்டது. வெளியே எவரும் இல்லாததால், பழுதுபார்ப்புக்காக வெளிக்கதவின் மின்சாரத்தைப் பதினொரு மணிக்கு நிறுத்துகிறோம். பத்து நாளில் திரும்பத் தருவோம்.”

அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். “நீ உள்ளயே இரு தாயி” என்றார்.

10:56
நான் வெளியே போனால்தான் அவர் உள்ளே வர முடியும். கூப்பிட்டுப் பார்க்கிறேன். வானொலியை அணைத்துவிட்டார்.