சமையலறைச் சுவர் போய்விட்டது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், வீடும் சௌக்கியம், ஒரு சுவர் மட்டும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். நீ படித்தது சரிதான், மறுபடி படிக்க வேண்டாம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்தாகிவிட்டது. இந்தக் கடிதத்தை அந்தச் சுவர் நின்ற இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், அந்த ஆசையில்தான் பேனாவையே எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ வரிக்கு வரி குறுக்குக் கேள்வி கேட்டு என் கதையைக் கெடுத்துவிடுவாய். இப்போது முழுவதும் படித்துவிட்டுப் பிறகு திட்டு.

முதலில் திட்டு வாங்க வேண்டிய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. காய்கறி மண்டியில் நின்று ஏலம் கூவினால் மூன்று தெருவுக்குக் கேட்ட குரல், இப்போது காதருகே போனால்தான் கேட்கும் வெறும் காற்றாகிவிட்டது. அந்தக் காற்றையும் அவர் செலவழிப்பதில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டுவார், நான் அந்தப் பக்கம் அடுப்படியில் கேட்டுக்கொள்வேன். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் தண்ணீர், விடாமல் தட்டினால் பேப்பரில் ஏதோ செய்தி படித்து அவருக்குப் பொறுக்கவில்லை என்று அர்த்தம். இது உனக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் நான் மிக்ஸி போட்டிருந்தேன், அவர் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. தட்டியிருக்கிறார், தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார், மிக்ஸி சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அரைத்து முடித்து, பால் வேண்டுமா என்று கேட்கத்தான் எட்டிப் பார்த்தேன். முகம் கறுத்து, கண்ணில் நீர் வழிய, கை மட்டும் இன்னும் சுவரில் இருந்தது. முதுகில் ஓங்கித் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. அப்புறம் ஒரு காகிதத்தில் பயப்படாதே என்று எழுதிக் காட்டினார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார், அதை இப்போது உடைக்கிறேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுப்பு முன்னால் நிற்கும்போது எனக்கு அவர் முகம் தெரிய வேண்டும். வேறு ஒரு அழகும் எனக்கு வேண்டாம்.

இந்த யோசனையைச் சொன்னதும் துள்ளிக் குதித்து வந்தவர் உன் சித்தப்பா. ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு உலகத்தில் தெரியாத வேலை எது. சுவரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இது சும்மா தடுப்புச் சுவர்தான் அண்ணி, ஒரு மத்தியானத்துல முடிச்சிடலாம்" என்றார். உன் அப்பா அதற்கு மேல், தானும் தட்டிக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை, வெற்றுச் சத்தம் கேட்கிறது பார் என்று ஜாடை காட்டினார். இரண்டு வருடமாக அந்தச் சுவரோடு பேசுகிற மனுஷன் சொல்கிறாரே என்று நானும் நம்பிவிட்டேன். என் தையற்கடையில் ஒரு பாவாடை ஓரம் மடிப்பதற்கே மூன்று தடவை அளக்கிறவள், வீட்டுச் சுவருக்கு ஒரு தடவைகூட அளக்கவில்லை, இதை எந்த முகத்தோடு எழுதுகிறேனோ. சனிக்கிழமை மத்தியானம் சித்தப்பா சம்மட்டியோடு வந்து, முட்டு ஒன்றும் கொடுக்காமல், ஜன்னல் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டார். அந்த ஓட்டை வழியாக எனக்கு உன் அப்பாவின் தலை தெரிந்தது, அவரும் குனிந்து கையாட்டினார், நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

தூசி ஏறுமே என்று உன் அறையில் இருந்த துணிமணிகளை மூடிவைக்க மாடிக்குப் போனேன். மூடிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால் சாத்த முடியவில்லை. மேலே நிலையில் போய் இடித்துக்கொண்டு நிற்கிறது. காலையில் அதே கதவை ஒரே விரலால் சாத்தினேன். பக்கத்துச் சுவரைப் பார்த்தால் நிலையின் மூலையிலிருந்து மேல்நோக்கி ஒரு மயிரிழை விரிசல், சுண்ணாம்பு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. மாடிப்படியிலிருந்தே நிறுத்துங்கள் என்று கத்தினேன். சித்தப்பா, "மழைக்குக் கதவு ஊதியிருக்கும் அண்ணி" என்கிறார், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் காரில் உங்கள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது கொழுந்தனாரே, இந்தச் சுவருக்கு இருக்கிறதா என்று கேட்டேன், அப்போதுதான் சம்மட்டியைக் கீழே வைத்தார். மூன்று பேரும் வாசலுக்கு வந்துவிட்டோம். கொத்தனாருக்குப் போன் போட்டதும் அரை மணியில் இரும்பு முட்டுகளோடு வந்து இறங்கினார், பலகை வைத்து ஓட்டைக்கு இரண்டு பக்கமும் திருகி முட்டுக் கொடுத்தார். "இதுக்கு மேல நான் ஒரு செங்கல்லையும் தொட மாட்டேன்க்கா, இன்ஜினியர் பாத்துச் சொல்லட்டும்" என்றார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன்.

இன்ஜினியர் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், வந்ததும் சுவரைப் பார்க்கவேயில்லை, நேரே மாடிக்குப் போய் உன் அறைக்குள் நின்று தரையை அளந்தாள், கீழே வந்து மறுபடி அளந்தாள். மாடியில் இருக்கும் உன் அறைச் சுவர் அப்படியே இந்தச் சுவரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறதாம். தடுப்பும் இல்லை ஒன்றும் இல்லை, ஒன்பது அங்குலம், மேல்வீட்டைத் தாங்குகிற சுவர். பின்னே வெற்றுச் சத்தம் எப்படி வந்தது என்று சித்தப்பா விடவில்லை. அவள் உளியால் மெல்ல நெம்பினாள், அப்பாவின் நாற்காலி உயரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு அப்படியே கழன்று கையோடு வந்தது, பின்னால் செங்கல் கெட்டியாக இருக்கிறது. அவர் தட்டித் தட்டியே பூச்சு செங்கல்லை விட்டுவிட்டிருக்கிறது, அந்த இடைவெளிதான் டொக்கு டொக்கென்று கேட்டிருக்கிறது. "சுவர் வெத்து இல்லம்மா, பூச்சுதான் வெத்து" என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தோம், உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டையை அடைத்துப் பழையபடி விட்டுவிடலாம், அல்லது இரும்பு பீம் போட்டு முறையாக எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை அப்பா காகிதத்தில், அடைத்துவிடு, என்னால் வீடே விழுந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். நான் அதைப் படித்துவிட்டு மடித்து அடுப்பில் போட்டேன். அவரைத் தனியாக அந்தப் பக்கம் விட்டுவிட்டு இந்தப் பக்கம் நின்று இன்னொரு நாள் சமைக்க எனக்குத் தெம்பில்லை என்று அவரிடமே சொன்னேன். கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வரைபடம் போட்டு நகர அலுவலகத்தில் அனுமதி வர மூன்று வாரம் ஆயிற்று, அதுவரை கூடத்தின் நடுவே முட்டுகள் காடு மாதிரி நின்றன, உன் அப்பா ஒன்றில் துண்டையே காயப்போட்டுவிட்டார், கொத்தனார் பார்த்துப் பதறிப்போய் எடுத்தார். வேலை நாளில் முதலில் மெயினை அணைத்தார்கள், சுவருக்குள் ஓடின கரண்டு வயரையும் தண்ணீர்க் குழாயையும் தேடிப்பிடித்து வேறு வழியாகத் திருப்பினார்கள், கேஸ் அடுப்பு வெளிவாசலுக்குப் போனது. அப்புறம் சுவரின் மேல்பக்கம் வரிசையாகத் துளை போட்டு, அதில் குட்டை இரும்புகளை ஊசி கோத்தது போல நுழைத்து, இரண்டு முனைக்கும் முட்டு நிறுத்தினார்கள். அந்த இரும்புக்கு ஊசி என்றே பெயராம், அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, தையலில் துணி நழுவாமல் தற்காலிகமாக ஓட்டுத்தையல் போட்டு வைத்துவிட்டுத்தானே பழைய தையலைப் பிரிப்போம், அதேதான். மாடியின் பாரம் முழுவதும் அந்த ஊசிகள் மேல் வந்த பிறகுதான் செங்கல்லில் கை வைத்தார்கள், அதுவும் சம்மட்டியே இல்லாமல், மேலிருந்து கீழாக, உளியால் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். சித்தப்பாவுக்குச் செங்கல் சுமக்கும் வேலை மட்டும், வாயைத் திறக்காமல் சுமந்தார் பாவம். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் திண்டு போட்டு அது இறுகின பிறகு, ஏழு பேர் சேர்ந்து பீமைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார்கள். பீமுக்கும் மேல்சுவருக்கும் நடுவே ஒரு பேப்பர் நுழையாதபடி கலவையை இடித்து இடித்து அடைத்தார்கள். உடனே முட்டுகளை எடுக்கவும் கூடாதாம், ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு வருடம். இன்ஜினியர் பெண் உன் அறை விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள், சுவர் ஒரு நூல் அசைந்தாலும் அது உடைந்துவிடுமாம். முட்டு இறக்குகிற காலையில் கீழே இருக்கச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, கண்ணாடியை நான்தான் பார்ப்பேன் என்று அடம்பிடித்தேன். மாடியில் யாருமே இருக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டாள். கடைசியில் எல்லோரும் வாசலில் நிற்க, கொத்தனார் மட்டும் உள்ளே முட்டுகளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினார். நடுநடுவே அந்தப் பெண் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவாள். உன் அப்பா என் கையைப் பிடித்திருந்தார். கடைசி முட்டும் இறங்கினதும் அவள் மாடி ஜன்னலில் தலையை நீட்டி, "கண்ணாடி அப்படியே இருக்கும்மா, வந்து பாருங்க" என்றாள். இந்த வயதில் நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன். சிராய்ப்புகூட இல்லை. உன் கதவைத் தச்சர் வந்து இழைத்துக் கொடுத்துவிட்டார், இப்போது பழையபடி ஒரு விரலுக்குச் சாத்துகிறது. நீயும் அங்கே வீடு மாற்றினால், யார் தட்டிப் பார்த்துச் சொன்னாலும் நம்பாதே, படித்தவர்கள் வந்து அளந்து எழுதிக் கொடுத்தால்தான் ஆணிகூட அடிக்க வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி நான் சொல்லவேயில்லையே. கூடத்து ஜன்னல் வெயில் இப்போது நேரே அடுப்பு வரை வருகிறது, இருபத்தாறு வருடமாக நான் பகலில் லைட் போட்டுத்தான் வெங்காயம் நறுக்கியிருக்கிறேன். சுவர் இருந்த இடத்தில் பாதி நீளத்துக்கு ஒரு மேடை, மீதி திறந்த வழி, மேடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். தட்டுவதற்குச் சுவர் இல்லாததால் அவர் முதல் இரண்டு நாள் திண்டாடினார், மூன்றாம் நாள் வாயைத் திறந்தார். சத்தம் பெரிதில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பாதி காதிலும் பாதி கண்ணிலுமாகப் புரிந்துவிடுகிறது. இப்போது காலையிலிருந்து ஓயாத பேச்சுதான், உப்பைக் குறை, பால் பொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி வாங்கியிருக்கிறார் என்று. இரண்டு வருடத்துப் பாக்கி எல்லாம் வருகிறது போல. சும்மா இருங்கள் என்று நேற்று அதட்டினேன், அதட்டிவிட்டு எனக்கே சந்தோஷமாக இருந்தது.

போன வாரம் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன், மகள் போன் செய்தால் ஏன் நீங்கள் காது மட்டும் கொடுத்துவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறீர்கள் என்று. நீயும் அதைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாய், நானும் களைப்பு, தூக்கம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். அப்போதுதான் சொன்னார், "அவ மனசுல என் பழைய குரல் இருக்கு. அது இருந்துட்டுப் போகட்டும்." எனக்கு வெங்காயத்தின் மேல் பழி போட வேண்டியதாயிற்று. இரண்டு வருடமாக அவளுக்குப் பழையதும் இல்லை புதியதும் இல்லை என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாளாக அவர், நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி "நல்லா இருக்கியாம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். நானும் அடுப்பைப் பார்த்தபடி கேட்காதவள் போல் நிற்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது வாழ வேண்டும், குட்டிக்கு எங்கள் முத்தம். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது ஒன்று மட்டும் நினைவில் வை. அன்று அவர்தான் எடுப்பார். உங்கள் வீட்டு டிவி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடு, குட்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்து வெளியே அனுப்பு, எடுத்ததும் நீ பேச்சை ஆரம்பிக்காதே. காற்று வீசுவது போல ஒரு சத்தம் வரும். லைன் சரியில்லை என்று நினைத்து வைத்துவிடாதே கண்ணு, அதுதான் உன் அப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா